ஒமாரியின் விரல்கள்

பாட்டை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகும் காரின் உள்கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது.

நெஸ்டர் முதலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆற்றின் சிமெண்டுக் கரையோரம், டயர் கடைகளுக்குப் பின்னால், நிழல் என்று பேருக்கு ஒரு பாலம் இருந்த இடத்தில் காரை நிறுத்தியிருந்தான். தலைக்கு மேலே ஃப்ரீவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. லாரி போனால் கண்ணாடி ஆடத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான். பிறகு மேலே சத்தம் முழுக்க அடங்கிய ஒரு நொடியில் நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடியும் அதற்குள் தெரிந்த காலிப் பின்சீட்டும் மெல்ல நடுங்கிக்கொண்டேயிருந்தன. கதவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். தகரம் வெயிலில் கொதித்தது, ஆனால் அசையவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் பீட் என்கிற தாள இசையைக் கட்டுகிற யாரும் அதைக் காரில் ஓட்டிக் கேட்காமல் வெளியே விடமாட்டார்கள். வீட்டில் எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் இருந்தாலும் சரி, கடைசித் தீர்ப்பு காருக்குள்தான். கதவு அதிர வேண்டும், சீட்டு முதுகில் இடிக்க வேண்டும், சிக்னலில் பக்கத்துக் காரில் இருப்பவன் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் நெஸ்டர் வந்திருந்தான். பீட் கட்டுகிறவர்கள் கூடிக் கேட்கிற இன்றைய சாயங்காலக் கூட்டத்தில் போடப்போகிற புது பீட். அவன் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல பீட். அதில் நல்லதாக இருந்த பகுதி அவனுடையது அல்ல, அது வேறு விஷயம்.

அது ஒமாரியினுடையது.

பொறாமை என்ற வார்த்தையை யாராவது சொன்னால் நெஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அதுதான், வேறு என்ன பெயர் வைப்பது? இரண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒரே பழைய தாள மெஷினை மாற்றி மாற்றித் தட்டிக் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் இசையில் வார்த்தையும் கிடையாது, பாடகனும் கிடையாது. மேலே ஹிப்-ஹாப்பின் தள்ளாடும் தாளம், கீழே வயிற்றுக்குள் இறங்கும் எலெக்ட்ரானிக் பேஸ் என்கிற கனத்த அடிநாதம். இதற்காக இருவரும் எத்தனையோ வேலைகளை விட்டிருக்கிறார்கள். நெஸ்டரின் பீட்டுகளில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. ஞாயிறு கூட்டத்தில் அவன் போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மரியாதையாக ஆட்டுவார்கள்.

ஒமாரி போட்டால் மூக்கைச் சுளிப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஏதோ அழுகின வாடை அடித்ததுபோல மூக்கும் வாயும் கோணிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவனைப் பிடித்துத் தள்ளி, "ஐயோ! இன்னொரு தடவை போடுடா!" என்று கத்துவார்கள். அது யோசித்து வருவதில்லை. முகம் தானாகக் கோணும். நெஸ்டரின் பீட்டுக்கு இதுவரை ஒரு மூக்குகூடச் சுளித்ததில்லை. அவனுடைய மனைவி மரிசெல்லின் மூக்கும் சேர்த்துத்தான். போன வசந்தத்தில் ஒமாரியின் கேசட் வெளிவந்த அன்று அவள் முதல் வரிசையில் நின்று, பேஸ் இறங்கியதும் முகத்தை அப்படிக் கோணிக்கொண்டு நெஸ்டரின் தோளில் ஓங்கிக் குத்தினாள். "கேட்டியா? கேட்டியா அதை?" என்றாள். கேட்டான். வயிறு எரிய எரியக் கேட்டான். அன்றைக்கு ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்ததும் அவன்தான்.

"அவன் ரத்தத்துலயே தாளம் ஓடுது" என்பார்கள் ஒமாரியைப் பற்றி. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒமாரியின் விரல்கள் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. மேஜையில் தட்டும், தொடையில் தட்டும், சாப்பிடும்போது மறு கை தட்டும், கை நிறைய சாமான் இருந்தால் பல்லால் தட்டுவான். சோபாவில் தூங்கிப்போனாலும் பாதம் ஆடிக்கொண்டிருக்கும். தூங்கினால் அதிக நேரம் தூங்கவும் மாட்டான். யாருக்கும் கை கொடுக்கமாட்டான். முழங்கையால் ஒரு இடி, அவ்வளவுதான். நெருங்கிப் பழகிய இரண்டு பெண்களும் அதனாலேயே விலகிப் போனார்கள். திமிர் என்று நெஸ்டர் சொல்வான். மேதைகள் அப்படித்தான் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

முன்பெல்லாம் அவன் இப்படி இல்லை. சில வருஷங்களுக்கு முன்பு, இடிக்கப்போகிற ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அண்ணன் ராய்ஸையும் கூட்டிக்கொண்டு அறைச் சத்தம் பதிவு செய்யப் போனான். வெற்று அறையின் ஓசையைப் பிடித்துவந்து பீட்டுக்கு அடியில் படுக்கப்போடுவது அங்கே எல்லோரும் செய்கிற வேலை; அப்படிச் செய்தால்தான் பீட்டுக்கு ஒரு உடம்பு வரும். திரும்பி வந்தது ஒமாரி மட்டும். ராய்ஸுக்கு அந்த அறையிலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஒமாரியின் பீட்டுகள் மாறின. துக்கம் ஒரு கலைஞனை உருவாக்கிவிட்டது என்று எவனோ எழுதினான். நெஸ்டருக்கு அந்தத் துக்கத்தின் மேலும் பொறாமை வந்தது. எனக்கு மட்டும் ஏன் இப்படி எதுவும் நடப்பதில்லை என்று ஒரு ராத்திரி நினைத்து, நினைத்ததற்கு வெட்கப்பட்டு, மறுபடியும் நினைத்தான்.

நேற்றுதான் அது நடந்தது. ஒமாரி தன் லாப்டாப்போடு நெஸ்டரின் கராஜுக்கு வந்திருந்தான். உயிரே போனாலும் அதைப் பூட்டாமல் எழுந்து போகாதவன், நேற்று திறந்தபடியே மேஜையில் வைத்துவிட்டு, "பசிக்குது, பரிட்டோ வாங்கிட்டு வரேன்" என்று போனான். கண்ணுக்குக் கீழே கறுத்து, உதடு வெடித்து, பத்து வயது கூடின மாதிரி இருந்தான். நெஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. அவன் லாப்டாப்பைத்தான் பார்த்தான்.

ஒவ்வொரு பீட்டின் அடியிலும் ராய்ஸ் இறந்த இடத்தின் அதே ஒலி இருந்தது. அந்த அறை. ஒமாரி அதைக் கிக்கோடு கட்டியிருந்தான். கிக் என்பது நெஞ்சில் விழுகிற அடித்தாளம். அது விழும்போது மற்ற ஒலிகள் ஒதுங்கும், அது போனதும் எழும். ஒதுங்கி, எழுந்து, ஒதுங்கி, எழுந்து, பாட்டே மூச்சு விடுவதுபோல இருக்கும். இதுவும் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒமாரியின் பீட் எதிலும் கிக் ஓரிடத்திலும் நிற்பதில்லை. நடுவில் கொஞ்சம் கிக்கை எடுத்துவிட்டு, கூட்டத்தை ஏங்கவிட்டு, பிறகு ஓங்கிப் போடுவதுதான் வழக்கம். சின்னப் பையனுக்கும் தெரிந்த வித்தை. ஒமாரி மட்டும் அதைச் செய்ததே இல்லை.

'இவனுக்கு இதுகூடத் தெரியலையே' என்று நெஸ்டருக்குள் ஒரு குளிர்ந்த சந்தோஷம் வந்தது. அறையின் ஒலியை நகல் எடுத்துக்கொண்டான்.

ஒமாரி திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். கையில் இருந்த பொட்டலத்தின் மேல் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் ஒன்றொன்றாக நின்றன. அவன் தன் விரல்களையே பார்த்தான்.

"எதையாச்சும் தொட்டியா?"

"உன் லாப்டாப்பைத் தொட எனக்கென்ன பைத்தியமா?"

"சரி" என்றான் ஒமாரி. உட்கார்ந்து இரண்டு கையாலும் பரிட்டோவைப் பிடித்துச் சாப்பிட்டான். சாப்பிடும்போது கண் கலங்கியிருந்தது. மிளகாய் என்று நெஸ்டர் நினைத்தான். "தூக்கம் வருதுடா" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். போகும்போது பாதங்கள் சாதாரண மனிதனின் பாதங்களைப்போலத் தரையில் பதிந்தன.

இப்போது பாலத்தடியில், சூடான பிளாஸ்டிக்கும் ஆற்றுப் பாசியும் கலந்த வாடையில், நெஸ்டர் அந்த அறையை அடியில் போட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிய பீட்டை மறுபடி போட்டான். ஒரு தடவை ஓடி முடிந்தது என்றால் திரும்பவும் கேட்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. தாளம் தள்ளாடித் தள்ளாடி நடந்தது. பேஸ் சீட்டுக்கு அடியிலிருந்து இடுப்புக்கு ஏறியது. நடுவில் அவன் கிக்கை எடுத்துவிட்டிருந்த இடம் வந்தது. கிக் நின்றது.

அறை எழுந்தது.

காலி வீட்டின் காரைவாடையைக் காதால் கேட்க முடியும் என்றால் அப்படித்தான் இருந்தது. தூரத்தில் எங்கோ ஒரு குழாய். அதற்கும் பின்னால், யாரோ வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுக்கிற ஓசை. நீளமாக. நிதானமாக. உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே. வெளியே விடவே இல்லை. பிறகு கிக் விழுந்தது, எல்லாம் அடங்கியது. நெஸ்டருக்குத் தன் முகமே கோணுவது தெரிந்தது. சொந்த மூக்கு சுளிக்கிறது! ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினான். "எடுத்துட்டேன்டா ஒமாரி" என்று வாய்விட்டே சொன்னான்.

பிறகுதான் உறைத்தது. முதல் தடவை போட்டபோது அந்த இழுப்பு ஸ்பீக்கரிலிருந்து வந்தது. இந்தத் தடவை பின்சீட்டிலிருந்து.

பாட்டை நிறுத்தினான். கண்ணாடி நடுங்கியது. கார் முழுக்க மூடியிருந்தும் காதோரம் காற்று நகர்ந்தது, பின்பக்கமாக. நெஸ்டர் கதவைத் திறந்து வெளியே பாய்ந்தான். வெயில் தலையில் அறைந்தது. பாலைவனத்திலிருந்து வருகிற செப்டம்பர் காற்று, எதிர்க்கரையிலிருந்து அவன் முகத்தில் புழுதியை வாரி அடித்துவிட்டு ஓய்ந்தது. எதிரே கம்பிவேலியில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கியிருந்தது. காற்றில்லாமல் தொங்க வேண்டிய பை. அது தொங்கவில்லை. வேலிக் கண்ணியின் வழியாக அவனுக்குப் பின்னால் இருந்த ஏதோ ஒன்றை நோக்கி, விறைத்து நீண்டு நின்றது.

பிடரியில் ஈரக் குளிர்.

திரும்பினான். யாரும் இல்லை. மறுபடியும் அது பின்னால்தான் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால். பயத்தில் கை தானாகத் தொடையில் அடித்துக்கொண்டது. ஒன்று. இரண்டு. பை தொங்கியது. கையை நிறுத்தினான். பை எழுந்தது. தட்டினான். தொங்கியது.

அப்போதுதான் அவனுக்கு ஒமாரியின் விரல்கள் ஞாபகம் வந்தன. மேஜையில், தொடையில், சோபாவில், இத்தனை வருஷம். நெஸ்டர் இத்தனை வருஷமும் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த அந்த விரல்கள்.

காருக்குள் ஏறி ரேடியோவைப் போட்டுப் பார்த்தான். யாருடைய பாட்டோ, நல்ல முரசுத் தாளம். அதற்கு மேலேயே காற்று உள்ளே இழுபட்டது, பொருட்படுத்தவே இல்லை. அணைத்தான். இடது கையால் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே வலது கையால் ஒமாரியைக் கூப்பிட்டான்.

"டேய், இப்பதான்டா எழுந்தேன்." ஒமாரியின் குரல் மெத்தைக்குள்ளிருந்து வந்தது, சின்னப் பிள்ளையின் குரல்போல. "இவ்ளோ நேரம் தூங்கியிருக்கேன், பாரேன்."

"ஒமாரி, அந்த அறை..."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "எடுத்துட்டியா? நிஜமாவே எடுத்துட்டியா?"

"நீதானே திறந்து வெச்சிட்டுப் போன!"

"ஆமா. திட்டு. எவ்ளோ வேணா திட்டு. கையை மட்டும் நிறுத்தாத. பாட்டுக்குள்ள உன் கிக்கைக் கேக்கும், வெளியில உன் கையைக் கேக்கும். அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் தெரியாது."

"தூங்கும்போது?"

"கால் பழகிக்கும்." ஒமாரி இப்போது வெளிப்படையாகவே அழுதான். "ஒண்ணே ஒண்ணு, நெஸ்டர். யாரையும் கையைப் பிடிக்க விடாத. உன்னை ஒண்ணும் செய்யாது அது. பக்கத்துல இருக்கறவங்களைத்தான்... ராய்ஸ் பிடிச்சான்டா. நான் பயந்து நடுங்கறேன்னு பிடிச்சான்."

அழைப்பு நின்றது. நெஸ்டர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. அதற்குள் தூங்கிப்போயிருப்பான்.

வண்டியை எடுத்தான். எங்கே போகிறோம் என்று இல்லாமல் போனான். தட்டினான். கை வலித்தது, காலை மாற்றினான். கால் மரத்தது, கையை மாற்றினான். தப்பின ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடி நடுங்கியது. பின்சீட்டின் மெத்தை வலது ஓரத்தில் அமுங்கியிருந்தது. இன்னொரு அடி தப்பியது. இப்போது நடுவில் அமுங்கியிருந்தது.

வீட்டுப் பக்கம் மட்டும் போகக் கூடாது. மரிசெல் வேலை செய்கிற பேக்கரிப் பக்கம் போகவே கூடாது. மூன்று மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போவதாகப் பேச்சு. போகாமல் இருந்தால் திட்டுவாள். திட்டட்டும். இதையே நினைத்துக்கொண்டு தட்டியவன், கார் பழக்கத்தில் எந்தத் தெருவில் திரும்பியது என்று பார்க்கவில்லை. சிக்னல் சிவப்பு. ஓரத்தில் பேக்கரி. வாசலில் மஞ்சள் சட்டையில், கொண்டையை அவிழ்த்து முடியைத் தோளில் விட்டுக்கொண்டு, ரொட்டிப் பையோடு மரிசெல்.

அந்தப் பக்கக் கதவைப் பூட்ட வலது கை வேண்டும். வலது கை தட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். சர்க்கரை, வெண்ணெய் வாசனை.

"இறங்கு மரிசெல்."

"என்னது?"

"இறங்குன்னு சொல்றேன்ல! தயவுசெஞ்சு இறங்கு!"

"ஐயய்ய, மூஞ்சியப் பாரு. வேர்த்து ஊத்துது. முதல் தடவையா மேடை ஏறப்போற?" பின்னால் ஹாரன் அடித்தார்கள். சிக்னல் பச்சை. அவன் ஓட்டினான், தட்டினான், ஓட்டினான். "புது பீட்டா இது? எனக்குப் போட்டுக் காட்டாம கூட்டத்துக்கா?" என்று சொல்லிக்கொண்டே அவள் பிளேயை அழுத்திவிட்டாள்.

கிக் விழுந்தது. அவனுடைய கிக். சத்தமாக, ஒழுங்காக, களைப்பில்லாமல். நெஸ்டரின் கைகள் தாமாகத் தளர்ந்தன. பின்சீட் அடங்கியது. மதியத்திலிருந்து முதல் தடவையாக அவன் முழு மூச்சு விட்டான். ஆளில்லாத ஒரு கடைக்கு முன்னால் காரை ஓரங்கட்டினான். உடனே அணைத்துவிட வேண்டும், நடுப்பகுதி வருவதற்குள் இவளை இறக்கிவிட வேண்டும். விரலை நீட்டினான்.

மரிசெல்லின் முகம் கோணியது.

மூக்கு சுருங்கி, மேலுதடு ஏறி, ஒரு கண் பாதி மூடி, அவள் அவன் தோளில் ஓங்கிக் குத்தினாள். "ஐயோ! நெஸ்டர்! நீ பண்ணதா? சத்தியமா நீயா?"

விரல் பொத்தான்மேல் நின்றது.

"நான்தான்."

"ஒமாரி இதைக் கேக்கணும். அவன் செத்தான் இன்னிக்கு!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் வந்தது. ஒமாரிக்குக்கூட அவள் இப்படிச் சுளித்ததில்லை. இன்னும் கொஞ்சம். நடுப்பகுதி வர இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதுவரைக்கும் இந்த முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்தான்.

கிக் நின்றது.

இரண்டு கையும் ஸ்டியரிங்குக்குப் பாய்ந்தன. ஒன்று. இரண்டு. மரிசெல் அந்தக் கைகளைப் பார்த்தாள். சிவந்து, வீங்கி, நடுங்குகிற கைகள். அவள் முகத்தில் அன்பு வந்தது. இரண்டையும் எட்டிப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"போதும்பா. சும்மா இரு. நல்லா இருக்கு."

"விடு."

"மாட்டேன்."

"மரிசெல், கையை விடு, கையை..."

அவள் மூக்கைச் சுளித்தபடியே சிரித்து, இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மாவு பிசைந்து பழகிய பிடி. காலை உதைக்கப் பார்த்தான். கால் மரத்துக் கிடந்தது. பல்லைத் தட்டப் பார்த்தான். தாடை ஆடியது, தாளம் வரவில்லை.

கண்ணாடி நடுங்கத் தொடங்கியது.

மெத்தை கிறீச்சிட்டது. அவள் சீட்டுக்கு நேர் பின்னால்.

காற்று உள்ளே போனது. அவள் கழுத்தோர முடி ஒன்று எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். கார்க் கண்ணாடிகள் மூடியிருந்தன. முடி முழுவதும் தோளை விட்டு எழுந்து, சீட்டின் இரண்டு பக்கமும் பின்னோக்கி, விறைத்து, நேராக நின்றது. மரிசெல் அவனைப் பார்த்தபடி இருந்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்திருந்தது. காற்று உள்ளே போனது. இன்னும். இன்னும். நடுப்பகுதியை நீளமாக வைத்தது அவன்தான். கூட்டம் ஏங்கட்டும் என்று.

கிக் விழுந்தது.

முடி தோளில் விழுந்தது. பின்சீட் அடங்கியது. ரொட்டிப் பை அவள் காலடியில் சரிந்தது. பாட்டு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மடியில் அவள் விரல்கள் சில்லிட்டுக்கொண்டே வந்தன. நெஸ்டர் இழுத்தான், முறுக்கினான், பிடி தளரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

மூக்கு இன்னும் சுளித்தே இருந்தது.